ஓட்டைகளை ஐஸில் வைத்துக் கொட்டாஞ்சேனைக்கு

திருச்சியில் விமானத்தில் ஏற்றி உட்கார வைத்து, ஒரு பெண் சிரித்துக்கொண்டே மிட்டாய் கொடுத்தாள். நான் அதன் காகிதத்தைப் பிரித்து முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிட்டது. எங்கள் தெருவிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ்ஸில் போக இதைவிட நேரமாகும்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் "போனேன்" என்றால் அவள் "சென்றேன்" என்று போடப் பார்க்கிறாள். அதற்கு மட்டும் நான் விடவில்லை. இது சண்டைக்காலத்தில் போய்வந்த கதை. கொழும்புக்குப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவே வந்து, இனி பார்க்கவா போகிறோம் என்கிற முகத்தோடு என்னிடம் விபூதி வாங்கிக்கொண்டது. அங்கே போய்ப் பார்த்தால் ஜனங்கள் மீன் வாங்குகிறார்கள், பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள், கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறார்கள். துப்பாக்கிக்காரர்கள் நிற்கிற இடம் வந்தால் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

போன காரியத்தைச் சொல்கிறேன். என் மகள் பூங்கோதையை, திருச்சியில் படிக்க வந்த யாழ்ப்பாணத்துப் பையனுக்குக் கொடுத்தோம். அவர்களுக்கு ஒரே பெண், நிலானி. கம்பஸில் பெரிய படிப்புப் படிக்கிறாள், யுனிவர்சிட்டியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அவளுக்கு ஒரு சவ்வுக் குழாய் வேண்டுமாம், கொழும்பில் கிடைக்கவில்லையாம். சென்னையில் என் மகன் வாங்கிக் கொடுத்தான். ஆட்டுக்குடலைக் காயவைத்துச் சுருட்டின மாதிரி இருந்தது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி அதை இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"இது என்ன அம்மா?"

"என் பேத்தி கேட்டா."

"பேத்தி இதை வச்சு என்ன செய்வா?"

"அதைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்."

அவரே சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளவத்தையில் மகள் வீடு மூன்றாம் மாடி. பின்பக்கம் நின்றால் கடல். கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ரயில். ரயில் போகும்போதெல்லாம் அலமாரியில் இருக்கிற கண்ணாடிச் சாமான்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்ளும். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அம்மா, கோப்பையில சோறு போடட்டே?" என்றாள் பூங்கோதை.

எனக்குத் திக்கென்றது. கோப்பையில் காபி குடிப்போம். சோற்றையும் அதில்தான் போடுகிறார்கள் என்றால் சண்டையில் அவ்வளவு பஞ்சமா, என் மகள் இதை எனக்குச் சொல்லவே இல்லையே என்று நினைத்தேன். வந்தது பெரிய பீங்கான் தட்டு. தட்டைத்தான் அங்கே கோப்பை என்கிறார்கள். தட்டு நிறையச் சிவப்பரிசிச் சோறு, சொதி, தேங்காய்ச் சம்பல். சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைக்கிற ஒன்று. எங்கள் ரசமும் மோர்க்குழம்பும் சமாதானமாகப் போனால் அப்படி இருக்கும். இரண்டு தரம் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் நிலானி என்னைத் தன் கம்பஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் பசிக்கிறது என்றேன். ஒரு பேக்கரியில் முக்கோணமாக ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள். "மாலு பாண்" என்றாள். மாலு என்பது மாலதி மாதிரி யாரோ ஒரு பெண், அவள் பெயரில் விற்கிறார்கள் என்று நினைத்து, மாலு கைக்கு நல்ல பக்குவம் என்று பாராட்டிக்கொண்டே தின்றேன். பாதிக்கு மேல் போன பிறகுதான், சிங்களத்தில் மாலு என்றால் மீன் என்று நிலானிக்குச் சொல்லத் தோன்றியது. நாங்கள் மீன் தொடுவதில்லை. பாதி தின்ற பாவத்துக்கு ஒரு தண்டனை, முழுசுக்கு இன்னொன்று என்று மேலே பிரித்து வைத்திருக்கமாட்டார்கள் என்று மீதியையும் தின்றேன். மருமகள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதடி.

கம்பஸில் நிலானியின் அறை சமையலறை மாதிரித்தான் இருந்தது, உட்கார இடம் மட்டும் இல்லை. மூன்று கழுத்து வைத்த கண்ணாடிக் குடுவை ஒன்று சுடுதண்ணீரில் உட்கார்ந்திருந்தது. ஒரு கழுத்து வழியாகக் குமிழி போகிறது, உள்ளே ஒரு துடுப்பு தானாகவே சுற்றுகிறது. கூடப் படிக்கிற ரெஜினா, கொட்டாஞ்சேனைப் பெண், கன்னத்தில் கை வைத்துச் சுடுதண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மின்சாரம் எப்போது நிற்கும் என்று பேப்பரில் போட்டுவிடுவார்களாம். நின்றால் துடுப்பும் நிற்கும், குடுவையில் இருப்பது கட்டி தட்டிவிடும். அதனால் மின்சாரம் வந்த நிமிஷம் அடுப்பைப் பற்றவைத்து, அது போவதற்குள் இறக்கிவிட வேண்டும். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குப் பெண்கள் குடத்தோடு நிற்பது போல இவர்கள் குடுவையோடு நிற்கிறார்கள்.

"என்னதாண்டி காய்ச்சறே?" என்றேன்.

"மைக்ரோஜெல் அம்மம்மா. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஜெல்லி உருண்டை. குளிருக்குள்ள தண்ணியைக் குடிச்சு ஊதும். உடம்புச் சூடு பட்டாச் சுருங்கி, குடிச்சதைத் துப்பிப்போடும்."

"சூடு பட்டா உப்பத்தானே வேணும்? பூரி உப்பலையா?"

"இது எதிர்மாறு."

"அப்ப உங்க தாத்தா மாதிரி. சூடா ஒரு வார்த்தை சொன்னாச் சுருங்கிடுவார்."

ரெஜினா சிரித்ததில் சூட்டைப் பார்க்க மறந்து நிலானியிடம் பேச்சு வாங்கினாள். பிறகு நிலானி எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள். அந்த உருண்டைக்குள் மருந்தை ஏற்றிக் காயத்தில் வைத்தால், உடம்புச் சூட்டுக்கு அது சுருங்கிச் சுருங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் கக்கும். காயத்துக்கு இந்த நாட்டில் குறைவில்லையே என்று சொல்லிவிட்டு, அவள் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டாள். ஆனால் வெறும் உருண்டை அதிகம் பிடிக்காது. உள்ளே ஓட்டை வேண்டும். உருண்டை உருவாகும்போதே அதற்குள் மிக நைசான சுண்ணாம்புப் பொடியைச் சிக்க வைக்கிறாள். அப்புறம் புளித்த தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றினால் சுண்ணாம்பு பொங்கிக் கரைந்து வெளியே போய்விடும். அது இருந்த இடமெல்லாம் ஓட்டை.

"இருக்கா ஓட்டை?" என்றேன்.

"அதுதான் தெரியாது" என்றாள்.

தெரியாது என்பதுதான் விஷயம். இரண்டு வருஷமாகக் காய்ச்சுகிறாள். அவ்வளவு சின்ன ஓட்டையைப் பார்க்கப் பெரிய மைக்ரோஸ்கோப் வேண்டும், அங்கே இருந்தது பழுதாகிக் கிடந்தது. மாதக் கடைசிக்குள் ஓட்டைக்குப் படம் காட்டாவிட்டால் வேறு வேலையைத் தொடங்கு என்று அவளுடைய சேர், அதாவது வாத்தியார், சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சுகிற சாமானை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ராணுவ அமைச்சு வரைக்கும் போய் அனுமதி வாங்க வேண்டுமாம். கையிருப்பில் இருந்த கடைசிப் போத்தலை அன்றைக்குத்தான் குடுவையில் கொட்டியிருந்தாள். இது தப்பினால் அடுத்தது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் மாதிரி இருந்தது பாலாகிவிட்டது. இறக்கி ஆறவைத்தார்கள், பால் மறுபடி தண்ணீராகிவிட்டது. எத்தனையோ வருஷம் அடுப்படியில் நின்றிருக்கிறேன், ஆறினால் காணாமல் போகிற பாலை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் சுண்ணாம்பைக் கரைத்தாள். அதற்கு மறுநாள் மாணவர்கள் ஏதோ பிரச்சினை செய்து கம்பஸைப் பூட்டிவிட்டார்கள். நான் கொண்டுபோன சவ்வுக் குழாய்க்கு அப்போதுதான் வேலை வந்தது. காய்ச்சினதை அதில் ஊற்றி, இரண்டு முனையையும் கட்டி, சுத்தத் தண்ணீர் வாளியில் ஊறப்போட வேண்டும். அழுக்கும் உப்பும் சவ்வு வழியாகத் தண்ணீருக்குப் போய்விடும், உருண்டை உள்ளேயே நிற்கும். காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும். கம்பஸ் இல்லாததால் எல்லாம் வீட்டுக் குளியலறைக்கு வந்தது.

தண்ணீர் மாற்றுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். குழாய்த் தண்ணீர் கூடாது, கேனில் வாங்கி வைத்த காய்ச்சி வடித்த தண்ணீர்தான் என்று நிலானி மூன்று முறை சொன்னாள். ஐந்து நாள் மாற்றினேன். வாளியைத் திருப்பிக் கேட்டுப் பூங்கோதை வாசலில் நிற்பாள்.

"அம்மா, இவர் குளிக்க வேணும். அந்தக் குடலைக் கொஞ்சம் அங்கால வையுங்கோவன்."

"உன் புருஷன் நாளைக்குக் குளிச்சா என்ன, உன் பொண்ணு நாளைக்குப் படிக்க முடியுமா?"

மாப்பிள்ளை அந்த வாரம் பூராவும் சொம்பில்தான் குளித்தார். நல்ல மனுஷன்.

படத்துக்கு வழி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தது. ரெஜினாவின் அண்ணன் அன்ரனுக்குக் கப்பலில் வேலை. வெள்ளிக்கிழமை விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறுகிறான். சிங்கப்பூரில் சேரின் கூட்டாளி ஒருவர் இருக்கிறார், அவர் கையில் போத்தலைக் கொடுத்தால் படம் எடுத்து அனுப்புவார். அன்ரன் வீட்டை விட்டு மூன்று மணிக்குக் கிளம்புகிறான், அதற்குள் போத்தல் அங்கே இருக்க வேண்டும். வெயிலில் வைக்கவும் கூடாது. சூட்டில் சுருங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் போச்சு என்று நிலானிக்குப் பயம். எத்தனை சூட்டை அது தாங்கும் என்று பார்த்து வைக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே பஸ் ஏறினோம். கட்டைவிரல் அளவு போத்தல், அது ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்குக்குள், பிளாஸ்க் என் கூடைக்குள், கூடை என் மடியில்.

"அம்மம்மா, செக்பொயின்ற்றில என்னெண்டு கேட்டா மருந்தெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள் நிலானி, என் காதுக்குள்.

"மருந்துதானேடி?"

"ஆமிக்காரருக்குப் பத்துத் தமிழ்ச் சொல் தெரியும். அதில மருந்தும் ஒண்டு. காய்ச்சலுக்குக் குடிக்கிறதில்ல, வெடிக்கிறது."

"பின்ன என்ன சொல்றது?"

"ஜெல் எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி நான் கதைக்கிறன், நீங்கள் சும்மா இருங்கோ."

நான் சும்மா இருப்பேன் என்று அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். இறங்கி, நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். எல்லோரும் அதைக் கோயிலில் பிரகாரம் சுற்றுவது போலப் பழக்கமாகச் செய்தார்கள். பெண்களுக்குத் தனியாகத் துணி கட்டிய மறைப்பு, உள்ளே ஒரு பெண் போலீஸ். நிலானியின் அட்டையில் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் அவளை உள்ளே நிறுத்திக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். நான் இந்தியப் பாஸ்போர்ட். அதைப் பார்த்ததும் போ போ என்று கையைக் காட்டிவிட்டார்கள். பேத்தியை விட்டுவிட்டு எங்கே போவது? வெளியே நின்றேன்.

மீசை முளைத்தும் முளைக்காத ஒரு சிப்பாய் வந்து கூடையைத் திறந்தான். பிளாஸ்க்கைத் திறந்தான். ஐஸுக்குள் விரலை விட்டுப் போத்தலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஆச்சி, மே மொகக்த?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். சிங்களத்திலும் ஆச்சி ஆச்சிதானாம். அவன் என்னை ஆச்சி என்றதில் எனக்கு உச்சி குளிர்ந்து, தலைக்குள் இருந்ததெல்லாம் மறந்துபோனது. மருந்து என்று சொல்லக்கூடாது, அது நினைவிருக்கிறது. சொல்ல வேண்டியது எது? மெல்? கல்? நாக்கு நுனிக்கு வரவில்லை. சரி, பார்க்க எப்படி இருக்கிறது என்று சொல்வோம் என்று, "கஞ்சி" என்றேன்.

"கஞ்சா?" என்றான்.

"ஆமா, கஞ்சி. என் பேத்தி காய்ச்சினது."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் இருமினார். "ஆச்சி, அவன் கஞ்சாவோ எண்டு கேக்கிறான். நீங்கள் ஓமெண்டுறீங்கள்" என்று சொல்லிவிட்டு, எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு அடி இடம் விட்டு நின்றார்.

நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டுவதற்குள் அவன் உள்ளங்கைச் சூட்டில் போத்தல் வேலையைக் காட்டிவிட்டது. தண்ணீர் மாதிரி இருந்தது மெதுவாக மங்கி, பாலாக வெளுத்தது. அவன் குனிந்து பார்த்தான். அப்புறம் அவன் முகமும் வெளுத்தது. பிறந்த குழந்தையைக் கிடத்துவது போலப் போத்தலை மணல் மூட்டையின் மேல் வைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்து போய் ஏதோ கத்தினான். எல்லோரும் விலகினார்கள். கண்டக்டர் விலகினார், நிழலில் படுத்திருந்த நாய் கூட எழுந்து விலகியது. துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின.

நான் மட்டும் நின்றேன். தைரியம் எல்லாம் ஒன்றுமில்லை. மணல் மூட்டையின் மேல் நல்ல வெயில். நிலானியின் இரண்டு வருஷம் அங்கே வெந்துகொண்டிருந்தது. போய் எடுத்தேன். பின்னாலிருந்து கத்தினார்கள், நிற்கச் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சிங்களம் தெரியாததால் நான் நிற்கவில்லை. போத்தலைப் பிளாஸ்க்கில் போட்டு மூடி, என் பேரன் பேத்திகளின் பெயரை மூத்ததிலிருந்து கடைசி வரை ஒரு சுற்றுச் சொல்லி, திறந்து எடுத்துத் தூக்கிக் காட்டினேன். தண்ணீர்.

என் கைக்குள் வைத்து மூடித் திறந்தேன். பால். ஐஸில் போட்டேன். தண்ணீர். நரைத்த மீசை வைத்த பெரிய அதிகாரி ஒருவர் பக்கத்தில் வந்தார், துப்பாக்கிகளைத் தாழ்த்தச் சொன்னார், ஏதோ கேட்டார். இரண்டு அடி தள்ளி நின்றவர் இப்போது ஒட்டி வந்து, "இன்னொருக்காச் செய்து காட்டட்டாம்" என்றார்.

செய்து காட்டினேன். பிறகு அதிகாரி தன் கையில் வாங்கினார். பால். அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். யார் கையில் சீக்கிரம் வெளுக்கிறது என்று போட்டி வந்துவிட்டது. நெட்டையாக ஒருத்தன், அவன் கையில் மட்டும் வெளுக்கவே மாட்டேன் என்றது. உனக்கு ரத்தம் ஓடுகிறதா, கல்யாணம் நின்றபோதே அதுவும் நின்றுவிட்டதா என்று மற்றவர்கள் அவனைக் கேட்டார்களாம். பக்கத்தில் நின்றவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த நெட்டையன் பாவம், கையைக் கால்சட்டையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி வாங்கினான்.

இந்தச் சத்தத்துக்கு, பெண் போலீஸ் நிலானியையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தன் போத்தல் ஆமிக்காரர்களின் கையில் பந்து மாதிரிப் போய்வருவதைப் பார்த்த நிலானி நேரே என்னிடம் வந்தாள்.

"எத்தினை தரம் அம்மம்மா?"

"நான் எண்ணலையே. பத்துப் பதினஞ்சு இருக்கும்."

அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் கையை இறக்கிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளையாட்டெல்லாம் அடங்கியது.

பெண் போலீஸும் கையை நீட்டினாள். அவள் விரலை மடக்குவதற்கு முன்னமே போத்தல் வெளுத்துவிட்டது. ஜெயித்துவிட்டாள் என்று எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

"இந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல். இவளைப் போயி இந்த வெயில்ல நிக்க வெச்சிருக்காங்க."

நிலானி அதைச் சிங்களத்தில் சொன்னாள். அதிகாரி அந்தப் பெண் போலீஸை நிழலில் உட்காரச் சொல்லி, யாரையோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். என் இடுப்புப் பையில் எப்போதும் காய்ச்சல் மாத்திரை இருக்கும், இரண்டைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, நிலானியின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். போத்தலைக் காட்டி ஏதோ கேட்டாள். நிலானி அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். என்ன கேட்டாள் என்று பிறகு விசாரித்தேன். என் காய்ச்சலுக்கு இது கேட்குமா என்றாளாம். இன்னும் இல்லை என்றாளாம் இவள்.

கிளம்பும்போது அதிகாரி நிலானியிடம் ஒன்று சொல்லியனுப்பினார். ஆச்சி எங்கே வேண்டுமானாலும் போகட்டும், கஞ்சி என்ற சொல்லை மட்டும் வழியில் வேறு யாரிடமும் சொல்ல வேண்டாமாம்.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. மணி இரண்டரை. ஒரு ஆட்டோவில் ஏறினோம். புறக்கோட்டை வரைக்கும் பறந்து வந்த வண்டி அங்கே நின்றுவிட்டது. முன்னால் வெங்காய மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி, அதற்கு முன்னால் பருப்பு மூட்டை, அதற்கும் முன்னால் என்னவோ. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "நாட்டாமை, கொஞ்சம் வழி விடுங்க" என்று கத்தினார். எங்கள் பக்கம் நாட்டாமை என்றால் ஊருக்குப் பெரியவர், அவர் உட்கார்ந்தால் ஊர் நிற்கும். நான் அவசரமாக முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வியர்வை வழிய ஒருவர் மூட்டை தள்ளிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பினால் இன்னொரு நாட்டாமை, முதுகில் இரண்டு மூட்டை. கொழும்பில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அதுதான் பெயராம். எங்கள் ஊர் ஆட்களை ஒரு மாதம் இங்கே அனுப்பினால் தீர்ப்பெல்லாம் சீக்கிரம் சொல்லப் பழகுவார்கள் என்றேன். நிலானி சிரிக்கவில்லை. பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தாள். கலகல என்ற சத்தம் இல்லை, ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டு வாசலுக்குப் போகும்போது மூன்று இருபது. அன்ரன் போக வேண்டிய வேன் இன்னும் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரெஜினா வாசலில் நின்றாள்.

"கெதியா வாங்கோ. அம்மா இப்ப ரெண்டாந்தரம் சொல்லிக்கொண்டிருக்கிறா."

"என்னத்தை?"

"மன்றாட்டு மாலை."

உள்ளே வீடு நிறைய ஆட்கள் முழங்காலில் நின்றார்கள். பயணம் போகிறவனுக்காகச் செபம். ரெஜினாவின் அம்மா புனிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்ல வேண்டும். செபம் முடியாமல் பிள்ளை படி இறங்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். போத்தல் வரவில்லை என்றதும் அந்த அம்மா, இருக்கிற புனிதர்களையெல்லாம் கூப்பிட்டு முடித்து, மறுபடி முதலிலிருந்து கூப்பிடத் தொடங்கிவிட்டாராம். அன்ரன் முழங்காலில் நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழவர் ஒருவர் பதில் சொல்லிச் சொல்லித் தூங்கிவிட்டார். அந்த அம்மா ஒரு கண்ணைத் திறந்தார், வாசலில் என் கூடையைப் பார்த்தார், ஒரு புனிதரின் பெயரைப் பாதியில் விட்டுவிட்டு "ஆமென்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் பேலியகொடையில் மீன் வியாபாரம் செய்கிறவர். அவருடைய மீன் பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸ் வந்தது. நிலானி போத்தலை அதில் வைத்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

"கட்டி படேல்ல" என்றாள், தனக்குத்தானே. "அத்தினை தரம் சூடாக்கியும் கட்டி படேல்ல."

அன்ரன் பிளாஸ்க்கை முகர்ந்தான். "மீன் நாத்தம். சிங்கப்பூரில லாபுக்குள்ள என்னை விடுவினமோ தெரியாது."

"நீ கப்பலால வரேக்க எப்பவும் அந்த நாத்தத்தோடதானே வாறாய். போ, பிளேன் போகப்போகுது" என்றார் அவனுடைய அம்மா. இவ்வளவு நேரம் அவனைப் பிடித்து வைத்திருந்தவர் அவரேதான்.

வேன் போன பிறகு எங்களுக்குத் தேநீரும் பால் அப்பமும் வந்தன. இதில் மாலு எதுவும் இல்லையே என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தின்றேன்.

அப்புறம் காத்திருந்தோம். என் விசாவை மாப்பிள்ளை போய் நீட்டித்துக்கொண்டு வந்தார். காலையில் பூங்கோதையோடு சந்தைக்குப் போவேன், மாலையில் கடற்கரையில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் உட்காருவேன். நிலானி தட்டில் சோற்றைப் போட்டுக் கோலம் போடுவாள். ஓட்டை இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று ஒரு நாள் கேட்டேன். "ஒண்டும் ஆகாது அம்மம்மா. ரெண்டு வருசம் ஒண்டும் ஆகாமப் போயிடும்" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. மாதக் கடைசிக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அன்றைக்கு நான் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தேன். படியில் யாரோ ஓடி வருகிற சத்தம். நிலானி மூன்று மாடியையும் ஓடியே ஏறி வந்திருக்கிறாள். கையில் ஒரு தாள். கம்பஸை மறுபடி திறந்துவிட்டார்களாம், சிங்கப்பூரிலிருந்து வந்த படத்தை அங்கே கம்ப்யூட்டரில் எடுத்தாளாம். அதைத் தரையில் விரித்து வைத்தாள். கறுப்பும் சாம்பலுமாக ஒரு உருண்டை. அதன் மேலெல்லாம் புள்ளி புள்ளியாகப் பள்ளம். ஆப்பத்தின் நடுவைக் கிட்ட வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது.

"கறுப்பு கறுப்பாத் தெரியுறது எல்லாம் ஓட்டை" என்றாள். "எல்லாம் ஓட்டை அம்மம்மா." சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். மிளகாய்க் கையோடு அவள் கண்ணைத் துடைத்துவிடப் போனேன், நல்லவேளையாகப் பூங்கோதை பிடித்துக்கொண்டாள். பூங்கோதையும் அழுதாள். பிறகு நிலானி எழுந்து தாளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், கீழே மாப்பிள்ளை வருவதைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அப்பா, ஓட்டை இருக்கு, நிறைய ஓட்டை" என்று கத்தினாள். மாப்பிள்ளை கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

அவருக்கு முன்னால் ஏறி வந்து கதவைத் தட்டியது சிவலிங்கம். அந்த மாடி வீடுகளுக்கெல்லாம் தண்ணீர்க் குழாயும் பம்பும் பார்க்கிறவர். கையில் குறடு, தோளில் சணல் நூல், கையோடு ஒரு வாளியும் கொண்டுவந்திருந்தார்.

"எங்க ஓட்டை? குளிக்கிற அறையிலயோ? கீழ்வீட்டுக்கு ஒழுகப்போகுது, கெதியாக் காட்டுங்கோ."

நிலானி அவரிடம் தாளைக் காட்டினாள். அவர் குறட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாளை வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவையும் நான் எப்பிடிப் பிள்ளை அடைக்கிறது?"

"அடைக்க வேண்டாம் அண்ணை" என்றாள் நிலானி. "அப்பிடியே இருக்கட்டும்."